ஓடைமேட்டுக் கோணல்

எளாவூரைத் தாண்டி வடக்கே போகிற ரயில் ஓடைமேட்டுக்கு வந்ததும் வேகம் குறைந்து இடதுபக்கமாக ஒதுங்கும். ஒரு பர்லாங் தூரம் அப்படியே ஓடிவிட்டு மறுபடி பழைய நேர்கோட்டில் வந்து சேர்ந்துகொள்ளும். அங்கே மலை இல்லை, ஊர் இல்லை, ஆறும் இல்லை. கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் தண்ணீர் கரையடி வரை வந்து நிற்கும். மேற்கே உவர்நிலம், அதற்கப்பால் சவுக்கு. புதிதாக அந்தத் தடத்துக்கு வருகிற டிரைவர்கள் இந்தக் கோணல் எதற்கு என்று கேட்பார்கள். தெரிந்தவர்கள் குறைவு.

ஒரு காலத்தில் அங்கே ஸ்டேஷன் இருந்தது. ஏரியிலிருந்து படகுகள் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கரைக்கே வரும். அதற்காகக் கட்டிய ஸ்டேஷன். மெயின் லைன் கிழக்கே, ஏரியை ஒட்டி நேராகப் போனது. பின்னால் வண்டிகள் ஒதுங்கி நிற்பதற்காக மேற்கே பதினைந்து அடி தள்ளி இன்னொரு மேடு போட்டு, லூப் லைன் ஒன்று சேர்த்தார்கள். படகுப் போக்குவரத்து நின்றபின், இரண்டாவது உலகச் சண்டை முடிந்த சமயத்தில் ஸ்டேஷனை மூடினார்கள். ஒரு தண்டவாளம் போதும் என்று ஆனபோது, ஏரித் தண்ணீர் அரித்துக்கொண்டிருந்த கிழக்கு லைனைப் பெயர்த்து எடுத்துவிட்டு, மேற்கே இருந்த லூப் லைனையே மெயினாக வைத்துக்கொண்டார்கள். நேராக வருகிற வண்டி அந்த இடத்தில் மட்டும் லூப்புக்குள் நுழைந்து வெளியே வரவேண்டியதாயிற்று. கோணலுக்குக் காரணம் அதுதான். கிழக்கு மேடு தண்டவாளம் இல்லாமல், கோரை முளைத்து, புதிய மேட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அந்த வழியில் செங்கல்வராயன் கீமேனாக இருந்தான். காட்டூர்ப் பக்கத்துக்காரன். நெல் விளைகிற இரண்டு காணி நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு ரயில்வேக்கு வந்தவன். தினமும் விடிந்ததும் தோளில் சுத்தியலும் நீளமான ஸ்பேனருமாக எளாவூரிலிருந்து வடக்கே மூன்று மைல் நடந்து போய்த் திரும்புவான். கட்டைகளில் கழன்ற ஆணியை அடிப்பது, தளர்ந்த போல்ட்டை முறுக்குவது, தண்டவாளத்தில் எங்காவது விரிசல் தெரிகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. பதினெட்டு வருஷமாக ஒரே வழி. கோணலுக்கு வந்ததும் அவன் நடை தானாக மெதுவாகும். கடைசி மூன்று வருஷமாக அந்த இடத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்டவாளம் அரை விரல் தாழ்ந்துகொண்டே இருந்தது. கேங் ஆட்கள் வந்து ஜல்லி போட்டு மட்டம் பார்த்துவிட்டுப் போவார்கள். அடுத்த மழைக்கு மறுபடி தாழும். புது மேடு, களிமண், அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கரைக்குக் கீழே தண்ணீரில் சடையனும் அவன் மனைவி எல்லம்மாவும் இருப்பார்கள். வலையோ படகோ இல்லாத சனம். கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பது அவர்கள் பிழைப்பு. பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தடவுவார்கள். வாயில் கயிறு இருப்பதால் பேச்சு இருக்காது. செங்கல்வராயன் மேலே போகும்போது கையைத் தூக்குவான். சடையன் தலையை ஆட்டுவான். வருஷக்கணக்காக அவர்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

அறுபத்தாறாம் வருஷம் கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை தூறலாகக் குறைந்தபோது சடையனும் எல்லம்மாவும் தண்ணீரில் இறங்கினார்கள். ஆறரை மணிக்குச் செங்கல்வராயன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேலே வந்தான். கோணலில் நின்று, குனிந்து, தண்டவாளத்தின் மேல் கன்னத்தை வைத்து மட்டம் பார்த்தான். வழக்கமான தாழ்வுதான் இருந்தது. இரண்டு ஆணியை அடித்தான். கீழே பார்த்து, கரை ஊறிக்கிடக்கிறது, தள்ளிப் போய்ப் பிடியுங்கள் என்று சத்தம் கொடுத்துவிட்டு வடக்கே நடந்தான்.

ஏழேகாலுக்குக் கோதுமை ஏற்றிய கூட்ஸ் வண்டி வந்தது. அந்த நேரம் எல்லம்மா பறி நிறைந்துபோய், அதைக் கொட்டிவிட்டு வருவதற்காகத் தூரத்துத் திட்டுக்குப் போயிருந்தாள். இன்ஜினும் நாலு பெட்டியும் கடந்து போயின. ஐந்தாவது பெட்டி கோணலில் ஏறியதும் மேடு அதற்கு அடியில் உட்கார்ந்தது. இடி மாதிரி சத்தம் எதுவும் இல்லை என்று எல்லம்மா பின்னால் சொன்னாள். ஈரத்துணியைக் கல்லில் போட்டது போல் ஒரு சத்தம். ஐந்தாவதும் ஆறாவதும் கிழக்கே சாய்ந்து, பழைய மேட்டின் மேல் உருண்டு, தண்ணீருக்குள் விழுந்தன. அவள் திரும்பிப் பார்த்தபோது சடையன் இருந்த இடத்தில் பெட்டியின் சக்கரங்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

இன்ஜின் டிரைவருக்கும் கார்டுக்கும் காயம் இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் எளாவூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மூட்டைகள் கிழிந்து கோதுமை தண்ணீரில் மிதந்ததால், யாரும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கக் காவல் போட்டார்கள். எல்லம்மா பெட்டியருகே போகப் போக, காவல்காரர்கள் அவளைத் திரும்பத் திரும்பக் கரைக்கு விரட்டினார்கள். அடியில் ஆள் இருக்கிறான் என்று அவள் சொன்னதை, கோதுமைக்காகச் சொல்கிற சாக்கு என்று நினைத்தார்கள். பதினோரு மணிக்குத் தந்தி போயிற்று. இரண்டு பெட்டி கவிழ்ந்தது, உயிர்ச்சேதம் இல்லை என்று.

செங்கல்வராயன் விஷயம் தெரிந்து வடக்கேயிருந்து ஓடிவந்தான். எல்லம்மா தனியாக நிற்பதைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். காவல்காரர்கள் ரயில்வே ஆளைத் தடுக்கவில்லை. அரைமணி நேரம் மூழ்கி மூழ்கித் தேடி, பெட்டியின் கூரைக்கும் பழைய மேட்டுக்கும் நடுவே இருந்த இடுக்கிலிருந்து சடையனை இழுத்து வந்தான். பறியின் கயிறு இன்னும் பல்லில் இருந்தது. செங்கல்வராயன் அதை விரலால் மெல்ல எடுத்துவிட்டுத்தான் உடம்பைக் கரையில் கிடத்தினான். மறுநாள் அவர்கள் குடிசைப் பக்கம் வந்து ஒரு தோள் கொடுத்தான். அவன் ஜாதியில் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை.

மூன்றாம் நாள் எளாவூர் ஸ்டேஷனில் விசாரணை நடந்தது. மதராஸிலிருந்து வந்த மூன்று அதிகாரிகள் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். அந்தப் பகுதித் தண்டவாள இன்ஸ்பெக்டர் வேதாசலம் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அதிகாரிகளின் கேள்வி ஒன்றுதான். ஆறரை மணிக்கு நன்றாக இருந்த மேடு ஏழேகாலுக்கு எப்படி ஒரு ஆள் ஆழம் உட்காரும்? மேடு அப்படித் திடீரென்று போகாது. முதலில் விரிசல் காணும், பிறகு தண்டவாளம் தொங்கும். ஆகவே கீமேன் அன்று காலை அந்த இடத்துக்குப் போகவே இல்லை, மழைக்குப் பயந்து எங்கோ ஒதுங்கியிருந்துவிட்டுப் போனதாகச் சொல்கிறான் என்று அவர்கள் முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். செங்கல்வராயன் போனேன் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

வேதாசலம் எல்லம்மாவையும் கூப்பிட்டிருந்தார். அவள் கதவருகே நின்று, கீமேன் வந்ததைப் பார்த்தேன், தண்டவாளத்தில் கன்னம் வைத்துப் பார்த்தார், ஆணி அடித்தார், எங்களைத் தள்ளிப் போகச் சொன்னார் என்று சொன்னாள். அதிகாரிகளில் ஒருவர், ஏரி இவ்வளவு பெரிதாக இருக்க அந்த இடத்தில் போய் எதற்குப் பிடித்தீர்கள் என்று கேட்டார். எல்லம்மா பதில் சொல்லவில்லை. ரயில்வே எல்லைக்குள் வரக்கூடாது என்று தெரியாதா என்றார். கீமேன் புருஷனின் பிணத்தை எடுத்துக் கொடுத்தவன், அந்த நன்றிக்காகச் சொல்கிறாள் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அன்று மாலையே செங்கல்வராயனை சஸ்பெண்ட் செய்தார்கள். அறிக்கையை ஒரு வாரத்துக்குள் எழுதி அனுப்பும்படி வேதாசலத்திடம் சொல்லிவிட்டு மதராஸ் வண்டியில் ஏறினார்கள்.

அந்த இடத்தில் போய் எதற்குப் பிடித்தீர்கள் என்ற கேள்விக்கு எல்லம்மாவிடம் பதில் இருந்தது. சொல்ல முடியாத பதில்.

நான்கு வருஷத்துக்கு முன் கோடையில் ஏரி வற்றி வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. பழைய மேட்டின் அடியில் ஓரிடத்தில் மட்டும் சேறு காயாமல் கசிந்துகொண்டிருந்ததைச் சடையன் பார்த்தான். தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு இல்லை. சுரண்டிப் பார்த்தபோது செங்கல் தட்டுப்பட்டது. இரண்டு விரல் கனத்தில், மெல்லிசாக, இப்போது யாரும் சுடாத செங்கல். பழவேற்காட்டில் இடிந்து கிடந்த டச்சுக்காரன் கோட்டையிலிருந்து படகில் ஏற்றிவந்து முதல் லைன் போட்டபோது கட்டினார்கள் என்று சனங்கள் சொல்கிற அந்தச் செங்கல். அது ஒரு வளைவு மதகு. மேற்கேயிருந்து ஓடை வந்து, அதன் வழியாக ஏரியில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. லூப் லைனுக்கு மேடு போட்டவர்கள் மதகை நீட்டிக் கட்டாமல், ஓடையின் மேலேயே மண்ணைக் கொட்டி, ஓடையை வடக்கே ஒரு குழாய்க்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். மதகின் மேற்கு வாய் புதிய மேட்டுக்குள் புதைந்து போயிற்று. கிழக்கு வாயை ஏரிச் சேறு அடைத்துக்கொண்டது.

சடையனும் எல்லம்மாவும் எட்டு நாள் கையாலேயே சேற்றை வாரி அந்த வாயைத் திறந்தார்கள். அடுத்த மழைக்கு அதிலிருந்து நல்ல தண்ணீர் ஏரிக்குள் வந்து கலந்தது. நல்ல தண்ணீர் வருகிற இடத்துக்கு இறால் வரும். மற்ற இடத்தில் அரைநாள் தடவினால் கிடைப்பது அங்கே ஒரு நாழிகையில் கிடைத்தது. அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீரோடு மணலும் வருவதை எல்லம்மா காலில் உணர்ந்தாள். ஏரி என்றால் மணல் இருக்கும். அதற்குமேல் நினைக்கவில்லை.

பெட்டி கவிழ்ந்த அன்றே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மணல் எங்கேயிருந்து வந்தது என்று.

விசாரணை முடிந்து நான்கு நாள் கழித்துச் செங்கல்வராயனின் மனைவி தெய்வநாயகி எல்லம்மாவின் குடிசைக்கு வந்தாள். அதுவரை இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. உட்காரச் சொன்னதும் வாசலில் மணலிலேயே உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் சாப்பிடுவதில்லை, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் போலிருக்கிறது என்று பொதுவாகச் சொன்னாள். கெஞ்சவில்லை. பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"அந்த ஓட்டைய நீங்க தொறந்தத அவரு மேலருந்து பாத்துக்கினுதான் இருந்தாராம். அதச் சொல்லேன்னு நான் தலையால அடிச்சிக்கினேன். செத்தவன் மேல பழியப் போட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட அந்த வழில நடப்பேன்னு கேக்கறாரு."

எல்லம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரிஞ்சிருந்தும் அப்பவே தடுக்கலியா அவரு?"

"செத்த லைனோட மதகுதானே, அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்னு வுட்டுட்டாராம். அதயும் சொன்னாரு. தப்பு எம்மேலயும் கீதுன்றாரு."

தெய்வநாயகி எழுந்தாள். நீ சொல்லு என்று நான் கேட்க வரவில்லை, அவர் சொல்லமாட்டார் என்பது உனக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அது முழுக்க உண்மை இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அன்று எல்லம்மா அடுப்பு மூட்டவில்லை. புருஷன் செத்து எட்டு நாள்கூட ஆகவில்லை. ரயிலைக் கவிழ்த்தவன் என்று அவன் பேர் ஊரெல்லாம் போவதை நினைத்தாள். தன்னையும் பிடித்துப் போவார்கள். சடையனைத் தண்ணீருக்குள்ளிருந்து இழுத்துவந்தவனின் கைகளையும் நினைத்தாள். பல்லிலிருந்த கயிற்றை அவன் எப்படி எடுத்தான் என்பது கண்ணைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை கோணலுக்குப் போனாள். கவிழ்ந்த பெட்டிகளை எடுத்துவிட்டு, பள்ளத்தில் கருங்கல் ஜல்லியைக் கொட்டி, தண்டவாளத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். வண்டிகள் ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. வேதாசலம் பக்கத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார். அவர் முகம் சரியாக இல்லை. கொட்டுகிற ஜல்லி தங்கவில்லை. சாயங்காலம் மட்டம் பார்த்துவிட்டுப் போனால் காலையில் ஒரு சாண் இறங்கியிருந்தது. இருபது பேர் கூடையில் ஜல்லி சுமந்துகொண்டே இருந்தார்கள். அவரிடம் இருந்த வரைபடத்தில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. வெறும் கோடுதான். பழைய லைனின் வரைபடம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

எல்லம்மா அவர் முன்னால் போய் நின்றாள். எத்தனை கொட்டினாலும் நிற்காது என்று சொன்னாள். அவர் காரணம் கேட்டதற்கு வாயால் பதில் சொல்லாமல் கரையிறங்கித் தண்ணீருக்குள் போனாள். பறியை மட்டும் எடுத்துக்கொண்டாள். பழைய மேட்டின் அடியில், தண்ணீர் மார்பளவு இருந்த இடத்தில், மூச்சை இழுத்துக்கொண்டு மூழ்கினாள். மேலே வேலை நின்றுவிட்டது. கேங் ஆட்கள் கூடையோடு நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். வெகுநேரம் ஆனபோது ஒருவன் இறங்கப் போனான். அதற்குள் அவள் தலை வெளியே வந்தது.

மேலே ஏறிவந்து வேதாசலத்தின் காலடியில் பறியைக் கவிழ்த்தாள். நீலம் பாய்ந்த கருங்கல் ஜல்லி. ஓரம் மழுங்காமல், கல்குவாரித் தூசி முழுதும் கழுவிப்போகாமல், அன்று உடைத்தது போல் இருந்தது. நேற்று அவர்கள் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டியது. அதோடு ஒரு மெல்லிய செங்கலும் கிடந்தது.

வேதாசலம் ஜல்லியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார். முப்பது அடி தூரம். புரிந்துகொள்ள அவருக்கு நேரம் ஆகவில்லை. மேற்கே தேங்கிய மழைத் தண்ணீர் புதைந்துபோன ஓடையின் வழியே கசிந்து, மேட்டின் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு, பழைய மதகுக்குள் இறங்கி, ஏரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மேலே முட்டைத் தோடு மாதிரி மண், உள்ளே வெற்றிடம். அன்று காலை கீமேன் பார்த்தபோது அந்தத் தோடு உடையாமல் இருந்திருக்கிறது. இன்ஜின் ஏறியபோது விரிந்து, ஐந்தாவது பெட்டியின் பாரத்தில் உடைந்தது.

"இத முன்னாடியே ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"அந்த வாய் அடைஞ்சிதான் கெடந்திச்சி சாமி. நானும் எங்கூட்டுக்காரரும்தான் தொறந்தோம். எறாலுக்காவ."

கேங் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேதாசலம் அவர்களைத் தூரப் போகச் சொன்னார். கூடாரத்துக்குள் அவளை வரச்சொல்லி, ஒரு பெட்டியின் மேல் உட்காரவைத்தார். அவர் கண்டிப்பான மனிதர் என்று பேர். ஆனாலும் அன்று, இப்போது சொன்னதை வேறு யாரிடமும் சொல்லாதே என்றார். மதகு இருக்கிறது என்பதே கீமேனைக் காப்பாற்றப் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

இரண்டு நாளில் மேட்டைக் குறுக்கே வெட்டினார்கள். ஏழு அடி ஆழத்தில் மதகின் மேற்கு வாய் வெளிப்பட்டது. அதற்குள் ஒரு ஆள் குனிந்து நடக்கலாம். அரைவாசிக்கு ஜல்லி நிறைந்து கிடந்தது. வேதாசலம் அளந்து, படம் வரைந்து, அறிக்கையை எழுதி முடித்தார். மதகைப் பற்றிச் சொன்னது அவள்தான் என்பதால் அவளுடைய கைநாட்டு வேண்டும் என்று ஆளனுப்பினார்.

அவள் வந்தபோது செங்கல்வராயனும் அங்கே இருந்தான். தூரத்தில், ஜல்லிக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கிட்டே வரவில்லை.

எழுதியிருப்பதைப் படித்துக் காட்டும்படி எல்லம்மா கேட்டாள். அறிக்கை இங்கிலீஷில் இருந்தது. வேதாசலம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். பழைய மதகு, புதைந்த ஓடை, கீமேன் தன் கடமையைச் செய்தான் என்பது. மதகின் வாய் அடைபட்டு இருந்து, சில வருஷங்களுக்கு முன் எப்படியோ திறந்துகொண்டது என்று ஒரு வரி. கடைசியில் நஷ்டம். இரண்டு பெட்டி, இத்தனை மூட்டை கோதுமை, உயிர்ச்சேதம் இல்லை.

"அவரு பேரு எங்க சாமி?"

வேதாசலம் பேனாவைக் கீழே வைத்தார். தந்தியில் உயிர்ச்சேதம் இல்லை என்று போய்விட்டது, இப்போது மாற்றினால் யார் அவன், அங்கே என்ன செய்தான் என்று மேலிடத்தில் கேட்பார்கள், அதிலிருந்து மதகைத் திறந்ததும் வெளியே வரும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். உன் நல்லதுக்குத்தான் விட்டேன் என்றார். அவர் சொன்னது அத்தனையும் அவளுக்குப் புரிந்தது.

"தொறந்தது அவருதான். செத்தும் பூட்டாரு. ரெண்டயும் எழுதுங்க. எழுதலேன்னா அப்பிடி ஒரு ஆளே இல்லன்னு ஆய்டும்."

"உன்னையும் சேத்து விசாரிப்பாங்கம்மா."

"விசாரிக்கட்டும்."

வேதாசலம் வெளியே செங்கல்வராயனைப் பார்த்தார். அவன் தலைகுனிந்து நின்றான். அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, தட்டச்சு செய்த வரியின் மேல் கோடு போட்டு, ஓரத்தில் கையால் எழுதினார். சடையன், வயது சுமார் நாற்பத்தைந்து, ஓடைமேடு, இறால் பிடிப்பவன், பெட்டியின் அடியில் சிக்கி இறந்தான். மதகின் வாயைத் திறந்தவனும் இவனே, மனைவியின் வாக்குமூலப்படி. எழுதியதைப் படித்துக் காட்டினார். அவள் இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னாள். பிறகு கட்டை விரலை நீட்டினாள்.

பொங்கலுக்கு முன் உத்தரவு வந்தது. செங்கல்வராயனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மதகின் வாய் திறந்திருந்ததைத் தெரிந்தும் மேலே சொல்லவில்லை என்று அவனே எழுதிக் கொடுத்திருந்ததால் ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவன் அதை எதிர்த்து மனுப் போடவில்லை. எல்லம்மாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை வரச்சொன்னார்கள். காலையிலிருந்து மாலை வரை வராந்தாவில் உட்காரவைத்து அனுப்பினார்கள். இரண்டு தடவையும் தெய்வநாயகி சோறு கட்டிக்கொண்டு வந்து கூடவே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. எரிச்சலோடு சிலர் ரயில் கவிழ்த்தவன் பெண்டாட்டி என்று பேசத்தான் செய்தார்கள். நிறையப் பேர் பேசவில்லை.

மதகை இரண்டு பக்கமும் காங்கிரீட் போட்டு அடைத்தார்கள். ஓடைக்குப் புதிதாக ஒரு சின்னப் பாலம் வந்தது. கோணலை எடுத்துவிட்டு லைனை நேராக்கலாம் என்று வேதாசலம் எழுதிப்போட்டதற்கு, அவ்வளவு செலவு அவசியம் இல்லை என்று பதில் வந்தது. கரையடியில் நல்ல தண்ணீர் வருவது நின்றதும் இறால் வேறு பக்கம் போய்விட்டது.

மாசியில் எல்லம்மா சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் தன் அக்காள் கோவிந்தம்மா இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். புறப்பட்ட அன்று செங்கல்வராயன் ரயில்வே கேட் வரை வந்து, அவளுடைய பானை மூட்டையை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொடுத்தான். சொல்வதற்கு ஏதோ வைத்திருந்தான் போலிருந்தது. பார்த்துப் போம்மா என்பதோடு நின்றுவிட்டான். நீயும் பார்த்து நட அண்ணா என்று அவள் சொன்னாள்.

அங்கே ஏரியின் அடி வேறு மாதிரி. மணல் கிடையாது, கால் புதைகிற கருப்புச் சேறு, நடுநடுவே சிப்பி. முதல் நாள் உள்ளங்காலில் நாலு இடத்தில் வெட்டிக்கொண்டாள். அக்காள் இன்னும் இரண்டு நாள் கழித்து இறங்கலாம் என்றாள். எல்லம்மா கேட்கவில்லை. துணியைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டு மறுநாள் விடிந்ததும் மற்ற பெண்களோடு தண்ணீரில் இறங்கினாள். எங்கே ஆழம், எங்கே மேடு என்று ஒவ்வோர் அடியாகத் தடவிப் பார்த்துக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் மெதுவாக நகர்ந்தாள்.